பூட்டிய பெட்டி

ஹாஸ்டலுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டே என் சின்ன மகள் கேட்டாள், ஹாஸ்டலில் முதல் நாளே எனக்குச் சிநேகிதர்கள் கிடைத்தார்களா என்று. இல்லையம்மா. பன்னிரண்டு நாள் ஒருத்தனும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம், என் பெட்டியில் தொங்கிய பூட்டு.

எழுபதுகளின் கடைசியில் தென்னேரியிலிருந்து உத்திரமேரூர் ஹாஸ்டலுக்கு ஏழாவது படிக்க வந்தேன். அம்மா தகரப்பெட்டிக்குள் ஒரு டப்பா அதிரசம் வைத்துப் பூட்டி, சாவியை என் அரைஞாண் கயிற்றில் முடிந்து அனுப்பினாள். அந்த ஹாஸ்டலில் யாரும் பெட்டியைப் பூட்டுவதில்லை. வீட்டுத் தின்பண்டத்தை வந்த அன்றே கூடத்தில் பேப்பர் விரித்துக் கொட்டிவிட வேண்டும். எனக்கு அது தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

"நாங்க இன்னா திருடனுங்களா? பூட்டு போட்டுக்கினு வந்துகீறான் பாரு" என்றான் பக்கத்துப் பாயில் படுக்கும் புள்ளலூர்ப் பையன். அன்றிலிருந்து என் பெயரே பூட்டு.

பேச்சு போனால் போகட்டும், குளிக்க வேண்டுமே! கிணற்றில் ராட்டினம் மட்டும்தான் உண்டு. கயிறு ஒருவன், பக்கெட் ஒருவன் என்று இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்வார்கள். என்னிடம் பக்கெட் இருந்தது. கயிறு வைத்திருந்த எவனும் என்னைச் சேர்க்கவில்லை. மற்றவர்கள் குளித்து ஓடிவரும் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு போவேன். குளிக்காதவனைக் கண்டால் வார்டனுக்கு ஆகாது. மூன்று முறை பிரம்படி. டப்பாவைத் திறந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்று அதிரசத்தையும் தொடவில்லை. இன்னொரு அடி விழுந்தால் படிப்பை விட்டு ஊருக்கு ஓடிவிடுவது என்று இருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் காலை, புள்ளலூர்ப் பையனின் கூட்டாளி வைத்திருந்த பக்கெட் பிடி கழன்று கிணற்றில் விழுந்துவிட்டது. புள்ளலூர்ப் பையன் கயிறும் கையுமாக என்னிடம் வந்தான்.

"டேய் பூட்டு, பக்கெட்ட எடு."

"தரமாட்டேன். நான் கயிறு கேட்டப்ப நீ இன்னா சொன்ன?"

"உன் பூட்டக் கட்டி மொண்டுக்கோன்னேன். இப்பவும் அதான் சொல்வேன். மொதல்ல பொட்டியத் தொற."

கூடமே எங்களைப் பார்த்தது. அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தேன். டப்பாவைத் திறந்தால் அதிரசம் பச்சைப் பச்சையாகப் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது.

"கஞ்சப் பயலே! எங்களுக்கும் குடுக்காம நீயும் துன்னாம பூஞ்சணத்துக்குப் போட்டுகீறியேடா!" என்றான் அவன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அடியில் கெடாமல் கிடந்த ஒன்றை எடுத்து, ஓரத்தைச் சுரண்டி, முழுதாக அவனே தின்றான். பிறகு என் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நானும் பின்னால் போனேன்.

முதல் பக்கெட் தண்ணீர் அவன் தலைக்கு. இரண்டாவதும் அவனுக்குத்தான். மூன்றாவதை, "தூ, இன்னா நாத்தம்டா" என்று சொல்லிக்கொண்டே என் மேல் ஊற்றினான்.