ஆயுத பூஜைக்குத் துடைத்த கணினி

ஆயுத பூஜை வந்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. சரஸ்வதியின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் பெயரைச் சொல்லிச் சுத்தம் செய்யக் கிளம்பும் மனிதர்கள்மேல்தான் கோபம்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை. அதன் மாடியில் எங்கள் ஆபீஸ். கெடாவில் இருக்கும் நம்மவர் கடைகளுக்கு, பில் போடும் மென்பொருளையும் அந்த முதலாளி விற்றார். எழுதுவது நான், மேற்பார்வை அவருடைய மச்சான். நான் ஒப்பந்தத்தில் சேர்ந்தவள்.

"தீபாவளி முடியட்டும்மா, நிரந்தரமாக்கிடுறேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். "நம்ம வீட்டுப் பிள்ளைக்கு எழுத்துலயா கொடுக்கணும்?"

நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டதால் அம்மாவும் நானும் ஒரு வாடகை அறையில் இருந்தோம். நிரந்தர வேலைக் கடிதம் இல்லாமல் வீடு வாங்க வங்கியில் பேச்சே எடுக்க முடியாது. அந்தத் தீபாவளியை என் அளவுக்குக் குழந்தைகள்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் மென்பொருள் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதியது. நான் எழுதியதைக் கடையில் ஓடும் வடிவத்துக்கு மாற்றித் தருவது பில்டு கருவியின் வேலை. அது ஆபீஸ் மூலையில் இருந்த ஒரு கணினியில் ஓடியது. கடைகளின் கல்லாவில் இருந்தவை எல்லாம் பழைய கணினிகள், அவற்றில் ஜாவாவின் எட்டாம் பதிப்புதான். எட்டில் செய்ததைப் புதிய ஜாவா ஓட்டிவிடும். புதியதில் செய்ததை எட்டு ஏறெடுத்தும் பார்க்காது. நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரிதான்.

எந்த ஜாவாவால் செய்ய வேண்டும் என்று பில்டு கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அது கணினியில் இல்லை என்றால் கருவி அங்கேயே நின்று சொல்லிவிடும். எழுதாவிட்டால் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொள்ளும். அந்த வரியைச் சேர்க்கட்டுமா என்று மச்சானிடம் எத்தனையோ முறை கேட்டேன்.

"அதான் ஓடுதுல்ல, எதுக்குமா கை வைக்கிற? எட்டுதான்னு எல்லாருக்கும் தெரியும்லா. வாயில சொன்னா போதாதா?"

அவர் அனுமதி இல்லாமல் கோப்பைத் தொடக் கூடாது. சரி, எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூஜைக்கு முதல் நாள் கடையே அமளிப்பட்டது. தராசிலிருந்து லாரி வரை கழுவித் துடைத்தார்கள். நான் அன்று கோலா கெடாவில் ஒரு கடையின் பிரிண்டரைப் பார்க்கப் போயிருந்தேன். மூலைக் கணினியைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்த மச்சான் அதோடு நிற்கவில்லை. உள்ளேயும் சுத்தம் செய்தார். இரண்டு ஜாவா இருப்பதைக் கண்டு, பழைய துடைப்பத்தைத் தூக்கி எறிவது போல எட்டை நீக்கிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. பூஜையன்று அந்தக் கணினியை யாரும் தொடவில்லை. ஆயுதத்துக்கு அன்று ஓய்வு.

விஜயதசமியில் தொடங்கினால் விளங்கும் என்று முதலாளி தீபாவளித் தள்ளுபடிப் பதிப்பை அன்றே அனுப்பச் சொன்னார். பில்டு செய்தேன். ஒரு பிழையும் காட்டவில்லை. என் மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். அதில் புதிய ஜாவா இருந்ததால் அழகாகத் திறந்தது. எல்லாக் கடைகளுக்கும் அனுப்பினேன்.

மறுநாள் காலையில் ஒரு கடையிலும் பில் வரவில்லை. முதல் அழைப்பு ஜித்ராவில் துணிக்கடை வைத்திருக்கும் அக்காவிடமிருந்து.

"என்னா தங்கச்சி செஞ்சு வச்சிருக்கீங்க? கடை நிறைய ஆளு. நான் கையில பில் எழுதிக்கிட்டு நிக்கிறேன்லா!"

அவர் படித்துக் காட்டிய பிழைச் செய்தியிலேயே விஷயம் விளங்கிவிட்டது. மூலைக் கணினியில் எட்டைக் காணோம். மச்சானைக் கேட்டேன்.

"கிளீன் பண்ணேன்மா. பழசு எதுக்கு?" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

எட்டை மறுபடி ஏற்றி, பில்டு செய்து, மதியத்துக்குள் அனுப்பினேன். அந்த ஒரு வரியையும் எழுதினேன். இந்த முறை யாரையும் கேட்கவில்லை.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். மச்சான் பக்கத்தில் நின்றார்.

"அனுப்புனது யாரு?"

"நான்தான் அண்ணே. ஆனா ஜாவாவ எடுத்தது..."

"சாமி காரியத்துக்குச் சுத்தம் பண்ணுனத குத்தம் சொல்லாதம்மா."

மச்சான் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த நிமிடம் அவரை நான் வெறுத்ததுபோல் யாரையும் வெறுத்ததில்லை.

தீபாவளி முடிந்தது. முறுக்கு டின் கொடுத்தார்கள், கடிதம் கொடுக்கவில்லை. நானே போய்க் கேட்டேன்.

"பாக்கலாம்னுதானேம்மா சொன்னேன்?" என்றார் முதலாளி.

எடுத்துக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அம்மா, பார்த்துவைத்திருந்த வீட்டின் விளம்பரத் தாளை அலமாரியிலிருந்து எடுத்து, காய்கறி நறுக்க விரித்துக்கொண்டாள்.

சில மாதங்கள் கழித்து, என் இடத்துக்கு வந்த பெண் போன் செய்தாள்.

"அக்கா, பில்டு கோப்புல ஜாவா எட்டுன்னு ஒரு வரி இருக்கே, எடுத்துறவா? முதலாளியோட மச்சான் அதத் தொடவே கூடாதுங்கிறாரு. எதையும் எழுத்துல வைக்கணுமாம்."

"தொடாத" என்றேன். பிறகு மனம் கேட்காமல், "உன் வேலைய நிரந்தரமாக்கி எழுத்துல வாங்கிட்டியா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "எதுக்குக்கா? நம்ம வீட்டுப் பிள்ளைன்னு முதலாளியே சொல்லிட்டாரு."