செஞ்சிக்கு வந்த ரயில்

காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் கரி பஸ் ஏறினேன். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் கிடைப்பதில்லை. வண்டியின் பின்னால் அடுப்பு மாட்டிக் கரி போட்டு ஓட்டுகிறார்கள். செஞ்சிக்குப் பதினேழு மைல், ஏழணா. இரண்டு மேட்டில் இறங்கித் தள்ளினோம்.

"தள்ளுறதுக்குக் காசு கொறைக்க மாட்டீங்களா?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"தள்ளாதவங்ககிட்ட ஜாஸ்தி வாங்கலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் போர்டு எழுதிப் பிழைப்பவன். ரயிலடிப் பலகைகள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஆனால் ரயில் எட்டிக்கூடப் பார்க்காத செஞ்சியிலிருந்து, "ரயில் பெட்டிக்குப் பேர் எழுத வரவும்" என்று கடிதம் வந்தால் போகாமல் இருக்க மனம் கேட்குமா?

பத்தேகாலுக்கு இறங்கினேன். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே, கருங்கல் மேல் உட்கார்ந்திருந்தது மூன்றாம் வகுப்புப் பெட்டி. சக்கரத்தையும் இரும்பையும் யுத்தத்துக்கு எடுத்துக்கொண்டு, மரக்கூட்டை மட்டும் ஏலம் விட்டிருக்கிறார்கள். வீராசாமி என்ற விவசாயி மாடு கட்டி இழுத்து வந்தாராம். மேல்சித்தாமூர்ச் சமணர், நைனார் ஒருவர் பலகை கொடுத்தாராம். தச்சர் அருளப்பன் பழுது பார்க்கிறார். எல்லாரும் தொண்டர்கள், கூலி கிடையாது. எனக்கும் கிடையாது என்பதை அப்போதுதான் சொன்னார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது.

மாலை நாலு மணிக்கு இதை வாசகசாலையாகத் திறக்க வேண்டும். அபாயச் சங்கிலியைக்கூடத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார் அருளப்பன். ஓடினால்தானே நிறுத்த என்று கேட்க வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

"போற ஊரு பேரு எழுதணும். திருவண்ணாமலைன்னு எழுதுங்க" என்றார் வீராசாமி.

"நாகப்பட்டணம். எறங்குனா வேளாங்கண்ணி மாதா கிட்ட" என்றார் அருளப்பன்.

"சிரவணபெளகொளா" என்றார் நைனார்.

"அங்க ரயிலே போவாதே!" என்றார் வீராசாமி.

"இது மட்டும் போவுதாக்கும்?"

மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் சண்டை. தூரிகை காய்ந்துவிட்டது. எனக்கோ ஐந்து மணிக்குத் திரும்பும் பஸ். நைனார் எழுந்து, "அப்ப என் பலகைய கழட்டிக் குடுங்க" என்றார். உட்காரும் பெஞ்சு முழுக்க அவர் பலகை. கழற்றினால் திறப்புவிழாவாவது ஒன்றாவது! அருளப்பன் முகம் செத்துப் போனது. மூன்று மாத உழைப்பு.

அப்போது அருளப்பனின் சம்சாரம் சவரியம்மா மோர் கொண்டுவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நான் ரயில பாத்ததில்ல. அத்தினி பலகை எழுதியிருக்கீங்களே, செஞ்சின்னு எப்பனா எழுதியிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"வேற எந்த ரயில்லனா இருக்குதா?"

இல்லை என்றேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. நைனார் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்து, "செஞ்சின்னே எழுதுங்க" என்றார்.

மூன்றே எழுத்து. அவ்வளவு பெரிதாக நான் எதையும் எழுதியதில்லை.

ஐந்து மணிக்கு பஸ் ஏறினேன். கிளம்பவில்லை. இறங்கித் தள்ளச் சொன்னார் கண்டக்டர். எதிரே பெட்டியில் ஊரே ஏறி, ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் ஒன்றில் சவரியம்மாவின் தலை தெரிந்தது.

"இன்னாண்ணே, உங்க வண்டி இன்னும் கெளம்பலியா?" என்று கத்தினார். "எங்க வண்டி ஊருக்கே வந்து சேந்துடுச்சு!"