காளியண்ணன் கங்காணிக்குப் பிடித்த ஒரே சிரிப்புப் படம்

காளியண்ணன் கங்காணி செத்துக்கொண்டிருக்கிறார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், பனி இன்னும் விலகாத நேரத்தில், ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வானத்திலும் வைத்துக்கொண்டு, கீழே ஈப்போ நகரத் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்த கதாநாயகனின் சாவை அவர் செத்துக் காட்டுகிறார். கூடையை முதுகில் மாட்டிய பெண்கள் குளிரில் கால் மாற்றி நிற்கிறார்கள். அவர் உயிரை விட்டால்தான் யாருக்கு எந்தத் தேயிலை நிரை என்று பிரித்துக் கொடுப்பார். அவரோ லேசில் உயிரை விடுகிற ஆள் இல்லை. "தங்கச்சிய... பாத்துக்கம்மா..." என்று இழுத்துத் தலையைச் சாய்த்துவிட்டு, மறு நொடியே எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்வார். "என்னலா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வேல இல்லையா?"

எப்போதோ ஊருக்குப் போன துரை ஒருவர் விட்டுச் சென்ற கோட்டு அவருடையது. கை நீளம் அதிகம். அழுகிற காட்சியில் கண் துடைக்க வசதி. புதுப்படம் வந்தால் தாப்பா மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டாவது ஈப்போ போய்விடுவார். திரும்பி வந்ததும் தேயிலைக்குப் போடுவது போலப் படத்துக்குத் தரம் போடுவார். குடும்பம் பிரிந்து அழுகிற படம் கொழுந்து. சண்டைப் படம் முத்தல் இலை. சிரிப்புப் படம் தூசி. "சிரிக்கிறதுக்கு தியேட்டர் எதுக்குலா? இங்க ஒங்க மூஞ்சிய பாத்தாலே போதுமே!"

அப்படிப்பட்டவரையும் ஒரு படம் கவிழ்த்துவிட்டது. நகை திருடுகிற மூன்று அசடுகள்; அந்த நகையை நிறுத்து வாங்குகிற தொப்பை வியாபாரி ஒருவன். தராசு ஆடுகிறது என்று சொல்லி, அதைப் பிடித்து நிறுத்துகிற சாக்கில், தட்டுக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கிவிடுவான். பெரிய சங்கிலியும் சின்ன மோதிரமும் ஒரே எடை காட்டும், அசடுகள் முழிக்கும். இதைச் சொல்ல ஆரம்பித்தாலே கங்காணிக்கு மூச்சு முட்டும். "திருடன்கிட்டயே திருடுறான்லா! அந்த வெரலு இருக்கே, அந்த வெரலுக்கே தனியா பரிசு குடுக்கலாம்!" தோட்டத்து மன்றத்தில் எல்லோரோடும் மல்லுக்கட்டி, அந்தப் படத்தைத் திடலில் திரை கட்டிப் போட ஏற்பாடு செய்தவரும் அவரே.

இந்த இடத்தில் கூலிக்காகக் கொழுந்து நிறுக்கிற முறையையும் சொல்லிவிட வேண்டும். மூன்று கம்பு நட்டு அதில் தராசைத் தொங்கவிட்டிருக்கும். கொக்கியில் கூடையை மாட்டினால் ஆடும். கங்காணி, "ஆடுதுலா, புடிச்சிக்கிறேன்" என்று பரிவோடு கூடையின் அடியில் உள்ளங்கையை வைப்பார். சரிவில் ஏறும்போது கொழுந்து பறிக்கிற வேலம்மாவின் முதுகை வளைத்த கூடை, தராசில் பஞ்சாகிவிடும். அவர் சொல்கிற எடையைக் கணக்குப்பிள்ளையான கிராணி எழுதிக்கொள்வார். உள்ளங்கையில் மறைந்த கிலோவெல்லாம் கங்காணியின் மனைவி நீலாவதியின் பேரில் போய்ச் சேரும். நீலாவதி பறிப்பதைவிடப் பேசுவது அதிகம். ஆனாலும் எடையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இது திருட்டு என்று தோட்டம் முழுக்கத் தெரியும். வாய் திறந்தால் மறுநாள் கல்லுச் சரிவில் கிழட்டுச் செடிதான் கிடைக்கும் என்பதும் தெரியும். திரையில் ஏழை ஏமாற்றப்பட்டால் தேம்பித் தேம்பி அழுகிற கங்காணிக்கு மட்டும் தன் கை என்ன செய்கிறது என்று ஒருநாளும் உறைத்ததில்லை.

படம் ஓடிய மாலை, வெளிச்சத்துக்குக் குறுக்கே பனி புகுந்து நடிகர்களின் முகம் வருவதும் போவதுமாக இருந்தது. எல்லோரும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கடலை தின்றுகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த கங்காணி, "இப்ப வரும் பாருங்க, இப்ப வரும்!" என்றார். வந்தது. "ஆடுது ராசா, நான் புடிச்சிக்கிறேன்" என்று வியாபாரி விரலைக் கொடுத்தான்.

 வேலம்மாவிடமிருந்து ஒரு கீச்சுச் சத்தம் கிளம்பியது. அவ்வளவுதான், தோட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. தலைகளெல்லாம் நாற்காலியின் பக்கம் திரும்பியிருந்தன. நல்ல படம் கொண்டுவந்ததற்கு நன்றி சொல்கிறார்கள் என்று நினைத்த கங்காணி எழுந்து நின்று, நாலா பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். சிரிப்பு இரண்டு மடங்கானது. நீலாவதிதான் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, கோட்டைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருங்க! கும்பிட்டது போதும்."

திங்கட்கிழமை நிறுவையில் வேலம்மா முதல் கூடையை மாட்டினாள். கங்காணி வழக்கம்போல் கையை நீட்டி, "ஆடுதுலா..." என்று தொடங்கினார். மீதி வரவில்லை. சுற்றிலும் பார்த்தார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு, கோயிலில் நிற்பது போல அடக்கமாக நின்றார்கள். கிராணி பென்சிலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பாதியில விட்டுட்டீங்களே, கங்காணி. மிச்சத்தயும் சொல்லுங்க" என்றாள் வேலம்மா.

கங்காணியின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. 

"படம் எப்படிங்க? கொழுந்துதானே?" என்றாள் பின்னால் நின்ற ருக்குமணி.

"என்னா படம் அது!" என்றார் கங்காணி, தொண்டையைச் செருமிக்கொண்டு. "அந்த தராசு காட்சிய வெட்டிருக்கணும். குடும்பத்தோட பாக்கிற படமாலா அது?"

கூடை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஓரடி பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அது தானாக நிற்கும்வரை காத்திருந்தார்.