டொராண்டோவுக்கு ஒன் டூ ஒன் கிடையாது

விமான டிக்கெட் விற்கிற தொழிலில் விலையைப் பேரம் பேசுகிறவனைச் சமாளித்துவிடலாம். பயண நேரத்தைப் பேரம் பேச வருகிறவனிடம்தான் ரத்தம் கொதிக்கும். என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

போன் சொன்ன கணக்கு

சமயநல்லூர் தவமணி அண்ணன் காலையிலேயே கோரிப்பாளையத்தில் என் கடைக்கு வந்தார். விடியும்போது அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் செல்வம் டொராண்டோவில் இருக்கிறான். "நாளை மறுநாள் காலையில வந்துருவான்" என்றேன். போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். மதுரைக்கும் டொராண்டோவுக்கும் பதினாறு மணி நேரம் என்று போட்டிருந்தது. அது வரைபடத்தில் நேராகக் கோடு கிழித்துப் போட்ட கணக்கு, அந்தக் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை என்று கத்தினேன்.

"மாட்டுத்தாவணியில ஒன் டூ ஒன் பஸ் நிக்குதுல்ல, அது மாதிரி ஒண்ணு பாருய்யா. வழியில ஏத்தி இறக்குற வண்டி எங்களுக்கு வேணாம்."

சாவுக்கு அத்தாட்சி

அன்றைக்கே கிளம்புகிற விமானத்தில் இடமில்லை. சென்னையில் மொத்தமாக டிக்கெட் எடுத்து விற்கிறவனைப் பிடித்தேன். கெஞ்சினேன், மிரட்டினேன், இனி உன்னிடம் ஒரு டிக்கெட் எடுக்கமாட்டேன் என்றேன். துபாய், சென்னை என்று மாறி மாறி வர ஒரு சீட் தேறியது. அதற்கும் முன்னால் அவன் கேட்டான்:

"கோவிச்சுக்காதீங்கண்ணே, சீட் இல்லைன்னா எல்லா ஏஜெண்டும் ஒரு ஆளைக் கொன்னுடுறீங்க. போட்டோ இருந்தா அனுப்புங்க."

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில்

மறுநாள் சாயங்காலம் தவமணி அண்ணனிடமிருந்து போன். பின்னால் கொட்டுச் சத்தம். போன் கணக்கை நம்பி, இன்றைக்குச் சாயங்காலம் எடுக்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டிருக்கிறார். செல்வமோ துபாயில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கிறான். "காலையில வீட்டு வாசல்ல நிப்பான். ஐஸ் பெட்டிதான் இருக்கே, ஒரு ராத்திரி பொறுங்கண்ணே" என்றேன். பெற்ற அப்பனுக்குக்கூட நான் அப்படிக் கெஞ்சியதில்லை.

"வேன் பிடிச்சு வந்த சனம் எம்புட்டு நேரம்யா நிக்கும்? பதினாறு மணி நேரத்துல வரவேண்டியவன் ஊரைச் சுத்திக்கிட்டு வாரான். வர மனசு இல்லைன்னு சொல்லிட்டுப் போகட்டும். சின்னவனை வச்சு எடுத்துர்றோம்."

சொன்ன நேரத்துக்கு

செல்வம் நான் சொன்ன காலையில்தான் வந்தான். திரும்பிப் போகிற தேதியை மாற்ற இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தபோது, விமானம் தாமதமோ என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"கரெக்டா வந்துருச்சுண்ணே. நேரா சுடுகாட்டுக்குத்தான் போனேன். சாம்பல் அள்ளக் குடுத்தாங்க, இன்னும் சுட்டுச்சு."

பாதி உலகத்தைத் தாண்டி வந்தவனுக்குப் பங்காளிகளிடம் ஒரு ராத்திரி வாங்கித்தர முடியாத நான்தான், கோரிப்பாளையத்திலேயே பேரத்தில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.