ஒன்பதுக்கு ஒன்பது

போன செவ்வாய்க்கிழமை காலை. ஓர் இளம்பெண் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து ஒரு தாளை உருவி மேஜைமேல் வைத்தார். லேமினேட் செய்த தாள்.

"இது உங்க வெப்சைட்டு குடுத்ததுதான சார்?"

எங்களுடையதேதான். அடியில் என் வீட்டு விலாசமும் இருந்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்பு இதே இடத்தில் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன். ஆனையூரில் இருக்கும் என் நண்பர் தங்கப்பாண்டி கம்ப்யூட்டர் புரோகிராமர். அவரும் நானும் சேர்ந்து, வேலை தேடுகிறவர்களுக்காக ஒரு வெப்சைட் ஆரம்பித்திருக்கிறோம் என்று. எந்த வேலைக்குப் போக விருப்பம் என்று நீங்கள் சொல்லவேண்டும். அதற்கு வேண்டிய திறமைகள் வரிசையாக வரும். தெரிந்ததற்கெல்லாம் டிக் அடிக்கவேண்டும். மிச்சத்தைப் பட்டியல் போட்டு, மதுரையில் அதை எங்கே கற்றுக்கொள்ளலாம் என்று வெப்சைட் சொல்லும். பிரமாதமான யோசனை இல்லையா? அப்படித்தான் நானும் நினைத்தேன்.

அந்தப் பெண்ணின் பெயர் பிரேமலதா. பிளஸ் டூ முடித்தவர். ஒத்தக்கடையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எங்கள் வெப்சைட்டைப் பார்த்திருக்கிறார். கலர் பிரிண்ட் எடுத்திருக்கிறார். மேலே அவர் பெயர் கொட்டை எழுத்தில். அதன் கீழே 'ஸ்கில் கேப் ரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில். ஒன்பது வரிகள், அவையும் ஆங்கிலத்தில். கடைசியில், கட்டம் கட்டி, 9/9.

அதாவது, வேண்டிய ஒன்பது திறமைகளில் ஒன்பதும் இல்லை.

"இதை எதுக்கும்மா லேமினேட் பண்ணினீங்க?"

"ஒம்பதுக்கு ஒம்பது போட்டிருந்துச்சு சார். முழு மார்க்குன்னு நெனச்சேன். சென்டர்ல இருந்த அண்ணன்கூட 'சூப்பரும்மா, ஃபுல்லு'ன்னு சொன்னாரு."

சிரிக்காதீர்கள். நான் சிரிக்கவில்லை. நம் ஊரில் இன்டர்வியூ என்றால் ஃபைல். மார்க் ஷீட், டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ், ஐந்தாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாம் பரிசு... எல்லாம் உள்ளே இருக்கவேண்டும். நம் பெயர் போட்டு, எம்ப்ளம் போட்டு, கலரில் ஒரு தாள் வந்தால் அது சர்டிஃபிகேட்தான். அதைத் தண்ணி படாமல் காப்பாற்றத்தான் தெருவுக்குத் தெரு லேமினேஷன் கடை. இதில் அந்தப் பெண் செய்த தப்பு என்ன?

அந்தத் தாளை ஃபைலில் முதலாவதாக வைத்துக்கொண்டு, ஒரு பார்சல் கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருக்கிறார். போனை எடுத்து, 'உங்கள் சரக்கு இன்ன இடத்தில் இருக்கிறது' என்று சொல்லும் வேலை. மேனேஜர் தாளைப் படித்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். "ஒண்ணுமே தெரியாதுன்னு சர்டிஃபிகேட்டோட வந்த ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி!

"சரிம்மா, ஏன் ஒண்ணுக்குமே டிக் அடிக்கல?"

"தெரிஞ்சாத்தான சார் அடிக்க முடியும்? பொய்யா அடிக்காம விட்டதுக்குத்தான் முழு மார்க்குன்னு நெனச்சேன்."

"பிளஸ் டூ முடிச்சிட்டு இத்தனை வருஷம் என்ன பண்ணினீங்க?"

"சும்மாதான் இருந்தேன். அப்பா கடையில."

அப்பாவுக்கு ஜவுளி மொத்த வியாபாரம். போன வருடம் உடம்பு முடியாமல் கடையை மூடிவிட்டார். இப்போது இந்தப் பெண் வேலைக்குப் போனால்தான் வீடு நடக்கும். கடையில் 'சும்மா' இருந்த ஆறு வருடத்தைத் தோண்டித் தோண்டிக் கேட்டேன். சோலாப்பூருக்கும் சூரத்துக்கும் போன் பேசியது யார்? "நாந்தான் சார்." எந்த பாஷையில்? "ஹிந்தியில. வீட்டுல நாங்க பேசுறது சௌராஷ்ட்ரா, குஜராத்தி மாதிரி. சூரத்துக்காரங்ககிட்ட பாதி அதுலயே சமாளிச்சிருவேன்." துணி பேல் வந்து சேரவில்லை என்று கத்துகிறவர்களிடம் பேசியது? "அதுவும் நாந்தான். அப்பாக்குக் கோவம் வந்துரும்."

"அப்ப போன்ல பேசுற திறமைக்கு டிக் அடிச்சிருக்கலாமே?"

"அது பேச்சு சார். ஸ்கில்லா?"

அடுத்து அவர் சொன்னது இன்னும் மோசம். இன்டர்வியூவுக்காகக் காத்திருந்தபோது அந்த ஆபீசில் போன் அடித்திருக்கிறது. எடுத்தவர் "நோ ஹிந்தி, நோ ஹிந்தி" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாராம். மறுபடி அடித்தது. மறுபடி நோ ஹிந்தி. பத்தடி தூரத்தில் பிரேமலதா உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்குத் தெரியும்னு சொல்ல வேண்டியதுதானம்மா?"

"கேக்கலையே சார்."

தங்கப்பாண்டிக்குப் போன் போட்டேன். "புரோகிராம் கரெக்டாத்தாண்ணே இருக்கு. டிக் அடிக்காட்டி கேப்புன்னுதான் வரும்" என்றார். கரெக்டாம்! இங்கிலீஷ் வராத ஆளிடம், உனக்கு இங்கிலீஷ் வராது என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிற புரோகிராம் எந்த ஊரில் கரெக்ட்? "தமிழ் ஃபாண்ட் எல்லா சென்டர்லயும் வராதுண்ணே, கட்டங்கட்டமாத் தெரியும். நீங்கதான சரி, இங்கிலீஷ்லயே இருக்கட்டும்னீங்க?" என்றார். ஆமாம். நான்தான் சொன்னேன். வாராவாரம் தமிழில் எழுதிப் பிழைக்கிற நான்தான்.

அந்தக் கோபத்தோடு மேனேஜருக்கும் போன் செய்தேன். அந்தப் பெண்ணுக்கு ஹிந்தி தெரியும், கத்துகிறவர்களைச் சமாளிக்கத் தெரியும், நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சார், தெரியாதுன்னு எழுதிக் குடுத்தது நீங்க. நான் அதைத்தான நம்புனேன்?"

அவர் செய்தது அயோக்கியத்தனம். ஆனால் எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். போனை வைத்துவிட்டேன். ஒரு மனுஷியை உட்காரவைத்து என்னம்மா தெரியும் என்று கேட்க அவருக்குச் சோம்பல். எங்களுக்கும் அதே சோம்பல்தான். நாங்கள் அதற்கு வெப்சைட் என்று பெயர் வைத்திருந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வியாழக்கிழமை தங்கப்பாண்டி லீவு போட்டுவிட்டு வந்தார். பிரேமலதாவை வரவழைத்து அரை நாள் பேசினோம். தெரிந்தது என்று பதினாலு வரி வந்தது. தெரியாதது இரண்டே இரண்டு: இங்கிலீஷ் பேச்சு, கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் தமிழில் அடித்து, அழகாக பார்டர் கட்டி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். எனக்குப் பாவத்தைக் கழுவிவிட்ட மாதிரி ஒரு திருப்தி.

அவர் நின்றபடியே முழுதும் படித்தார். திங்கட்கிழமை வேறொரு பார்சல் ஆபீசில் இன்டர்வியூ இருக்கிறது என்றார். ரொம்ப நல்லதாப் போச்சு, இதைக் கொண்டு போங்கள், வேண்டுமானால் நானும் கூட வருகிறேன் என்றேன். தாளை மடிக்காமல் மேஜைமேல் வைத்தார். ஃபைலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வேணாம் சார். நானே பேசிக்கிறேன்."