உலாமிலாவின் ஐந்தாவது பிள்ளை

வலை மறுபடியும் வெறுமையாக வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பெண்கள் அதை அரைவட்டமாக இழுத்துச் சேர்த்தபோது உள்ளே கொஞ்சம் பாசியும் ஒரு நண்டும் இருந்தன. நண்டும் வழி கண்டுபிடித்து வெளியே போய்விட்டது.

மகெரேத்தா கையிலிருந்த நுனியைத் தண்ணீரிலேயே போட்டாள். வலை அவளுடையது. பெண்கள் எங்கே இறங்குவது, எப்போது கரையேறுவது என்று சொல்பவளும் அவள்தான்.

"கடலைக் குத்தம் சொல்லாதீங்க. இங்க ஒருத்தி வயித்துல வச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கறா," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. உண்டாகியிருப்பவள் அதை ஊருக்குச் சொல்லாமல் கடலில் இறங்கினால் மீன் விலகிவிடும். அவள் அடுப்பில் வைத்த கிழங்கு வேகாது. சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அந்தக் கரையில் இதைச் சந்தேகித்தவர்கள் இல்லை. ஊரின் சுகாதாரப் பணியாளராகப் பயிற்சி பெற்று வந்த உலாமிலாவுக்கே பாதி நம்பிக்கை உண்டு.

"சொல்லிடுங்கடி. யாரும் திட்டப் போறதில்ல."

பெண்கள் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பார்வைகள் ஒவ்வொன்றாக ஒரே பக்கம் திரும்பின. வரிசையின் கடைசியில் மகெரேத்தாவின் மருமகள் தோரிகா வலைக்கயிற்றை விடாமல் பிடித்தபடி நின்றாள். கடாவுத் தீவிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"நான்தான்," என்றாள் உலாமிலா.

கெலெரா என்ற இளம்பெண் தண்ணீரில் உட்கார்ந்தே விட்டாள். அவ்வளவு சிரிப்பு.

"நீங்களாக்கா? உங்க மூத்தவனுக்குப் பொண்ணு பாக்கறாங்க!"

"அவனுக்குப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. எனக்கு ஆசை வந்துடுச்சு."

"அபாகூகி அண்ணன் கோயில் மணி அடிக்கத்தான் லாயக்குன்னு நெனச்சேன்!"

மகெரேத்தா மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்தாள். அவள் உலாமிலாவின் அண்ணன் மனைவி. "நாள் தள்ளினா ஒளிக்காதீங்க, ஒளிக்காதீங்கன்னு வீடு வீடா வந்து கத்துவே. நீயே ஒளிச்சியாக்கும்?"

"வெக்கமா இருந்துச்சு, அண்ணி."

அது மட்டும் உண்மை. பொய் சொல்லி நிற்பது வெட்கமாகத்தான் இருந்தது.

உலாமிலா இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. ஊர்க்கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர்கள் தலையில் வேலையைக் கட்டுவது அங்கே வழக்கம். அன்று அவள் துணி துவைக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஒரு பையும் குழந்தைகளை எடைபோடும் தராசும் அவளுக்கென்று காத்திருந்தன. பயிற்சிக்குப் போய் வந்தாள். தராசைச் சீமைப்பலா மரத்துக் கிளையில் மாட்டினாள். அன்றிலிருந்து அந்தக் கிளை அவளுடைய அலுவலகம்.

மற்ற வேலைகளெல்லாம் எளிதாக வந்தன. கடினமானது ஒன்றுதான்: பிள்ளை உண்டான பெண்களைச் சீக்கிரமே விரிகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் நர்ஸிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் வரை யாரும் அசைய மாட்டார்கள். உலாமிலாவே மூத்தவனுக்கு ஏழாம் மாதத்தில்தான் போனாள். அதனால் யாரையும் அதட்ட அவளுக்கு வாய் வரவில்லை. போய் உட்காருவாள். அந்த வீட்டுக் கத்தியை எடுத்து மரவள்ளித் தோல் சீவுவாள். மழை பற்றிப் பேசுவாள். கூடை நிறையும்போது அந்தப் பெண்ணே சொல்லிவிடுவாள். ஊரில் பாதிப்பேருக்கு அவள் கிழங்கு சீவிக் கொடுத்திருக்கிறாள்.

தோரிகா விஷயத்தில் கிழங்கு தேவைப்படவில்லை. போன வாரம் துவைக்கிற கல்லருகே அவளாகவே வந்து அழுதாள்.

முதல் தடவை உண்டானபோது சொன்னாள். ஊரே குழந்தைக்குத் தாழைப்பாய் முடைய உட்கார்ந்தது. நான்காம் மாதம் போய்விட்டது. இரண்டாம் தடவையும் சொன்னாள், அதுவும் போய்விட்டது. அந்தத் தடவை நர்ஸ் வாசிதி அவள் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்து, ரத்த அழுத்தம் இந்த வயதுக்கு மிக அதிகம் என்றாள். அடுத்த முறை நாள் தள்ளினதுமே வா, டாக்டரிடம் அனுப்புகிறேன், பிந்தி வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொல்லியிருந்தாள்.

"போகணும்னு தெரியுது சித்தி. ஆனா செவ்வாய்க்கிழமைப் படகுல ஏறினா ஊருக்கே தெரிஞ்சிடும். நான் வாயைத் திறந்தாலே போயிடுது. நாலாம் மாசம் தாண்டட்டும். யார்கிட்டயும் சொல்லாதீங்க. என் புருஷன்கிட்டகூட."

நர்ஸ் முதல் முறை வருகிறவர்களைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை மட்டும். அந்தப் படகில் கல்யாணமான சின்னப்பெண் ஏறினால் கோயிலில் அறிவித்தது போலத்தான். உலாமிலா சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். எப்படி அக்கரை சேர்ப்பது என்று அப்போது தெரியவில்லை. தண்ணீரில் நின்றபோதுதான் வழி கிடைத்தது. உண்டானவள் துணையில்லாமல் படகேறக் கூடாது. துணைக்கு அண்ணன் மருமகளைக் கூட்டிப்போனால் யார் கேட்பார்கள்?

அன்று மாலை அவள் கணவன் அபாகூகி தோட்டத்திலிருந்து வந்து கத்தியைச் சுவரில் செருகினான். நிதானமாகக் கை கழுவினான்.

"வழியில மூணு பேர் கை குடுத்தாங்க. என் அத்தை மகன் வைசேயா ரோட்டுல நின்னு எனக்கு சல்யூட் அடிக்கறான். என்ன விஷயம்?"

"என்னைக் கேக்காதே."

"உன்னைக் கேக்காம?"

"அது என் விஷயம் இல்ல. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

கோயில் பொறுப்பாளன் அவன். பொய்க்குப் பழக்கமில்லாதவன்.

"ஞாயித்துக்கிழமை போதகர் ஜெபம் பண்ணுவாரே, அப்ப என்ன பண்றது?"

"கண்ணை மூடிக்கோ."

"எப்படியும் மூடித்தான் ஆகணும்," என்றான். சாப்பிட்டுவிட்டு ஆண்களோடு உட்கார்ந்து யங்கோனா வேர்ச்சாறு குடிக்கப் போனான். வைசேயா சிரட்டையை நீட்டி, "இந்தாங்க மச்சான், உங்களுக்கு ரெட்டைப் பங்கு, தெம்பு வேணுமில்ல," என்றபோது அதையும் வாங்கிக் குடித்தான்.

மறுநாள் உலாமிலா போன் பேச மேட்டுக்குப் போனாள். ஊரில் சிக்னல் கிடைப்பது கோயிலுக்குப் பின்னாலுள்ள அந்த மேட்டில் மட்டும். அங்கே எப்போதும் நாலுபேர் கையை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். அவள் எண்ணைப் போட்டதும் நாலுபேரும் தங்கள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"நர்ஸம்மா, நான் உலாமிலா. செவ்வாய்க்கிழமைக்கு ஒரு இடம் வேணும். முதல் தடவைப் பரிசோதனைக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உனக்கா? என்னடி சொல்றே, உனக்கு எல்லாம் நின்னுபோச்சுன்னு போன மாசம்தானே என்கிட்ட அழுதே?"

"ஆமாம் நர்ஸம்மா. போன தடவை நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. ரத்த அழுத்தம் ஜாஸ்தி, நாள் தள்ளினதும் வா, டாக்டர்கிட்ட அனுப்பறேன்னு சொன்னீங்களே. அதான்."

மறுமுனையில் பதிவேட்டின் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"துணைக்கு யாரைக் கூட்டிட்டு வரே?" என்றாள் வாசிதி கடைசியில்.

"என் அண்ணன் மருமகளை."

"சரி. காலையில வெறும் வயித்தோட வாங்க. ரெண்டு பேரும்."

வீட்டுக்கு வந்தால் வாசலில் சேம்பிலைக் கட்டு, பப்பாளி, யாரோ கொண்டுவைத்த ஒரு கோழி. அவள் அண்ணன் அந்தப் பக்கமே வரவில்லை. தங்கையின் பிள்ளைப்பேறு அண்ணன் காதில் விழக்கூடாத பேச்சு. செய்தி எட்டியதுமே எழுந்து தோட்டத்துக்குப் போனவர், இருட்டும் வரை களை பிடுங்கினாராம்.

சனிக்கிழமை பெண்கள் மறுபடியும் இறங்கினார்கள். இந்த முறை எல்லோருக்கும் நம்பிக்கை. சொல்ல வேண்டியவள் சொல்லிவிட்டாள். வலையைச் சுற்றி இழுத்தார்கள். கை இழுக்கும்போதே தெரிந்தது, கனமில்லை.

தோரிகா இரண்டு ஆள் தள்ளி நின்றாள்.

"அப்போ இன்னொருத்தி இருக்கா," என்றாள் கெலெரா.

அவள் சொல்லி முடிப்பதற்குள் உலாமிலா அதைப் பார்த்தாள். மகெரேத்தா பக்கத்தில்தான் நின்றாள். மீன் அறுக்கும் கத்தி எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும். இப்போது அது தண்ணீருக்குள் இருந்தது. வலையின் குறுக்கே ஒரே இழுப்பு. அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"இன்னொருத்தியாம். கண்ணு இருந்தாப் பாருடி." வலையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு ஆள் நுழைகிற ஓட்டை. "இதை வச்சுக்கிட்டு மீன் பிடிக்க வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். பவளப்பாறையில மாட்டியிருக்கு. ஏறுங்க எல்லாரும். இதைச் சரிபண்றவரைக்கும் யாரும் இறங்க வேண்டாம்."

அந்த வலை சென்ற வருடம்தான் வந்தது. அதை யாரும் தொட்டால்கூட அவளுக்குப் பிடிக்காது. வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். மருமகள் பக்கம் திரும்பவில்லை. உலாமிலாவைக் கடக்கும்போது, "உனக்கு எதுக்கு இந்த வயசுல தண்ணியில நிக்கற வேலை," என்று மட்டும் சொன்னாள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று உலாமிலா கேட்கவில்லை. ஒரே வீட்டில் சமைக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அன்று தண்ணீரில் நின்று அப்படிக் கத்தினாளே, அப்போதே தெரிந்துதான் கத்தினாளா, அல்லது பிறகு தெரிந்து இப்படி ஈடு செய்கிறாளா? உலாமிலாவால் முடிவுக்கு வர முடியவில்லை. எதுவானாலும் வலை கிழிந்தது கிழிந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் ஜெபித்தார். முதிர்ந்த வயதில் கிடைத்த வரத்தைக் காப்பாற்றும்படி ஆண்டவரிடம் நெடுநேரம் கேட்டார். அபாகூகி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். உலாமிலாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோரிகா, மற்ற எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை படகை வழியனுப்பக் கரையில் கூட்டம். மகெரேத்தா வேகவைத்த சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலில் கிடந்த மீனும் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நர்ஸ் பாத்து முடிச்சப்பறம் சாப்பிடுங்க. உலா, ஒழுங்கா நடந்துக்கோ. நர்ஸ்கிட்ட வாயாடாதே."

"வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு கேட்டுட்டு வாங்கக்கா!" என்று கத்தினாள் கெலெரா.

"உன்னை மாதிரி வாய் இருந்தாப் பொண்ணு. கேக்கவே வேண்டாம்!"

நர்ஸ் வாசிதி கதவைச் சாத்திவிட்டுத் தோரிகாவைக் கட்டிலில் உட்காரவைத்தாள். பட்டையைக் கட்டி அழுத்தினாள், விட்டாள், மறுபடியும் அழுத்தினாள். மூவரும் அளவுமானியின் முள்ளைப் பார்த்தார்கள்.

"ஜாஸ்திதான்," என்றாள் வாசிதி. "ஆனா இந்தத் தடவை சீக்கிரமா வந்திருக்கே. இப்பவே மாத்திரை ஆரம்பிக்கலாம். ஆஸ்பத்திரி டாக்டர் அடுத்த மாசம் பார்ப்பார். நாளைக்கு உலாமிலா போன் போட்டு நாள் கேக்கட்டும். நான் சொல்லி வைக்கறேன்."

"இது நிக்குமா நர்ஸம்மா?"

"அது எனக்குத் தெரியாது. போன தடவை எனக்குக் கையில ஒண்ணுமே இல்ல. இந்தத் தடவை இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

தோரிகா தலையாட்டினாள். அது அவளுக்குப் போதுமாக இருந்தது போலிருந்தது.

வாசிதி உலாமிலா பக்கம் திரும்பினாள். "டாக்டரைப் பார்க்கற வரைக்கும் நீதான் கர்ப்பிணி. தாங்குவியா?"

"ஏற்கனவே ஒரு கோழி வாங்கிட்டேன். திருப்பிக் குடுக்க முடியாது."

திரும்பும் வழியில் தோரிகா கேட்டாள். "உங்க வயிறு பெருக்காதே சித்தி. அப்பறம் என்ன சொல்லுவீங்க?"

"இருக்கற வயிறு கொஞ்சநாளைக்கு ஓடும். அப்பறம், நின்னுபோன கணக்கை உண்டான கணக்குன்னு நெனச்சுட்டேன்னு சொல்லுவேன். ரெண்டு வருஷம் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்."

கரை தெரிகிற தூரத்தில் தோரிகாவுக்குக் குமட்டியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. படகின் விளிம்பில் குனிந்தாள். கரையில் நின்றவர்கள் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். உலாமிலா எழுந்து அவளை மறைத்தாற்போல் குனிந்து, ஊருக்கே கேட்கும்படி ஓங்கரித்தாள். படகோட்டி பயந்து எஞ்சினை நிறுத்தினான்.

"ஐயோ பாவம், நாலு பெத்தவளுக்கே இந்தப் பாடு," என்றாள் கரையில் யாரோ.

"தோரிகா, சித்தியைப் பிடிச்சுக்கோடி!" என்று மகெரேத்தா கத்தினாள்.

மறுநாள் காலையில் மழை பெய்தது. மகெரேத்தாவும் இன்னும் மூன்று பெண்களும் அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து வலை பின்னினார்கள். தோரிகா உலாமிலா வீட்டுக்கு வந்து தேநீரோடு மாத்திரை போட்டுக்கொண்டு போனாள். மழை விட்டதும் உலாமிலா சீமைப்பலாக் கிளையில் தராசை மாட்டிக் குழந்தைகளை எடைபோட்டாள். கெலெராவின் பையன் எடை கூடவில்லை. அதைப் பற்றி அவளிடம் பேசினாள். மதியம் மேட்டுக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். நெடுநேரம் காத்திருக்க வைத்தார்கள். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை கொடுத்தார்கள். வரும்போது கடையில் மாவும் சோப்பும் வாங்கிக்கொண்டு வந்தாள்.