வெள்ளித்தாள் சுற்றிய பியூஸ்

புரட்டாதி ஒன்பது, வியாழக்கிழமை, காலை பத்தேகால், காற்றில்லாத வெயில். ஒரே மாதத்தில் ஐந்தாவது தடவையாக என் காரின் ஹோர்ன் பியூஸ் எரிந்து, அச்சுவேலிக் கராஜில் நின்றேன். மெக்கானிக் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கிழித்து, எரிந்த பியூசில் சுற்றிப் பொருத்தினான். ஹோர்ன் அடித்தது.

"சரிக்கட்டிட்டன், மாஸ்டர்."

எனக்கு எட்டு வயதில் என் தகப்பன், ஐயாவும் இதே சொல்லைத்தான் சொல்லுவார். பியூஸ் போகும்போதெல்லாம் சுற்றுவதற்கென்றே வெள்ளித்தாள் சேர்த்து வைத்திருந்தார். "எங்கையோ வயர் இரும்பிலை உரசுது, அதைப் பாருங்கோவன்" என்று அம்மா சொன்னால், "நீரோ கார் ஓட்டுறீர்?" என்பார். அளவெட்டிக் கோயிலுக்குப் போகும் வழியில், அம்மாவின் இருக்கைக்குக் கீழே வயர் பற்றியது. பியூஸ் என்றால் எரிந்து கரண்டை நிறுத்தியிருக்கும்; வெள்ளித்தாள் எரியவில்லை, அம்மாவின் சேலை எரிந்தது. காலில் அந்தத் தழும்போடு அவ நாற்பத்தொரு வருடம் நடந்தா. "என்ரை பிழை" என்று ஐயா ஒருநாளும் சொல்லவில்லை. அவர் செத்து முப்பது வருடமாகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

"அந்த வெள்ளித்தாளைக் கழற்றும், தம்பி. சரிக்கட்டிறது வேறை, திருத்திறது வேறை" என்றேன்.

"முழு வயரையும் பாக்கவேணும், மாஸ்டர். பின்னேரமாகும்."

"ஆகட்டும். உந்தக் காரிலைதான் என்ரை மனிசி எனக்குப் பக்கத்திலை இருந்து வாறா."

கடைசியில் ஸ்ரியரிங்குக்குக் கீழே தோலுரிந்த வயரைக் கண்டுபிடித்து மாற்றினான். ஐயாவும் தேடியிருந்தால் அரைநாள்தான் போயிருக்கும். எனக்கு நாலு மணித்தியாலமும் மூவாயிரத்து இருநூறு ரூபாயும் போனது.